சிம்பொனி இசைக்குழுவின் தொலைநோக்குத் திட்டமிடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்முறை சிம்பொனி இசைக்குழு ஒன்றின் அறங்காவலர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும், நிர்வாக அலுவலர்களும், இசைக் கலைஞர்களின் பிரதிநிதிகளும் திட்டமிடல் வேலை தொடங்கும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எண்பது முதல் நூறு கலைஞர்கள் வரை நிரந்தர ஊதியத்தில் வாசிக்கும் குழுவை மனத்தில் வைத்து இவை எழுதப்பட்டவை. சிறிய குழுக்களுக்கு அளவுகள் மாறும். சிக்கல்கள் பெரும்பாலும் இவையேதான்.

அடுத்த பருவத்தின் கச்சேரிகளை நன்றாக நடத்தினால் போதாதா? தொலைநோக்குத் திட்டம் எதற்கு?

போதாது. பெயர்பெற்ற தனிவாசிப்புக் கலைஞர்களையும் விருந்தினராக வரும் இசை நடத்துநர்களையும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் செய்தாக வேண்டும். கலைஞர்களின் ஊதிய ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே பேசி முடிக்கப்படுகிறது. முப்பது வயதில் பணி நிரந்தரம் பெறும், ஓபோ என்ற மரத்துளைக் கருவியை வாசிக்கும் கலைஞர் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அதே நாற்காலியில் அமர்ந்திருக்கக்கூடும். அவருக்குரிய ஓய்வூதியக் கடமை அதற்குப் பின்னும் தொடரும். இன்று கையெழுத்தாகும் தாள்கள் எல்லாம் இப்படி வெவ்வேறு தொலைவுக்கு நீள்கின்றன. திட்டம் என்று எதையும் எழுதி வைக்காத குழுவும் இந்த முடிவுகளை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

செலவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறதே, நிர்வாகம் சரியில்லை என்பதாலா?

சில இடங்களில் அதுவும் உண்டு. ஆனால் சிறந்த நிர்வாகத்தின் கீழும் செலவு ஏறத்தான் செய்யும். வில்லியம் பௌமால், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான காரணத்தை விளக்கினார்கள். தொழிற்சாலையில் புதிய இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி முன்பைவிடப் பல மடங்கு பொருளை உற்பத்தி செய்கிறார். அதனால் அவருடைய ஊதியம் உயர்ந்தாலும் பொருளின் விலை உயர வேண்டியதில்லை. பீத்தோவனின் நால்வர் இசையை வாசிக்கவோ அன்றும் நான்கு பேர் தேவைப்பட்டார்கள், இன்றும் நான்கு பேர் தேவை. எடுத்துக்கொள்ளும் நேரமும் மாறவில்லை. பிற துறைகளில் ஊதியம் உயரும்போது இசைக் கலைஞரின் ஊதியமும் ஓரளவு சேர்ந்து உயராவிட்டால் அத்தொழிலுக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால் வாசிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆகும் செலவு, பிற பொருள்களின் விலையைவிட வேகமாக ஏறுகிறது.

இதை மேடையிலேயே பார்க்கலாம். 1893 டிசம்பரில் நியூயார்க்கில் முதன்முதலாக அரங்கேறிய, செக் இசையமைப்பாளர் த்வொர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியில் டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவியை வாசிப்பவருக்கு இரண்டாம் பகுதியில் சில சுரங்கள் மட்டுமே உண்டு. மற்ற மூன்று பகுதிகளிலும் அவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அதே படைப்பின் கடைசிப் பகுதியில் கைத்தாளம் ஒரே ஒருமுறை ஒலிக்கிறது. சிக்கன நோக்கில் பார்ப்பவருக்கு இது வீண்செலவாகத் தோன்றும். ஆனால் அந்த மெதுவான பகுதியின் தொடக்கத்தில் பித்தளைக் கருவிகள் சேர்ந்து எழுப்பும் அமைதியான ஒலிக்கு அடித்தளம் அந்தச் சில சுரங்கள்தான். அவற்றை நீக்கிவிட்டால் நாம் விற்பது வேறு பொருளாகிவிடும். ஆகவே, “செலவைக் கட்டுப்படுத்திச் சமநிலை அடைவோம்” என்ற ஒற்றை வரியை நம்பி எழுதப்படும் எந்தத் திட்டமும் நான்காம் ஆண்டுக்கு மேல் நிற்காது. ஏறும் செலவை முன்கூட்டியே கணக்கில் எழுதி, அதற்கு ஈடாக எந்த வருவாய் எவ்வளவு வளர வேண்டும் என்று சொல்வதே நேர்மையான தொடக்கம்.

டிக்கெட் விலையை உயர்த்தி ஈடுகட்ட முடியாதா?

ஓரளவுக்கு மேல் முடியாது. முன்வரிசைக்கும் மையப் பகுதிக்கும் அதிக விலை கொடுக்க ஆள் இருப்பார்கள்; மேல்மாடத்தில் விலை ஏறினால் இளைஞர்கள்தான் முதலில் விலகுவார்கள். அரங்கம் முழுவதும் நிறைந்தாலும் டிக்கெட் வருவாய் மொத்தச் செலவை ஈடுகட்டும் குழுக்கள் மிக அரிது.

அப்படியானால் மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழிகள் உலகெங்கும் நிலைபெற்றுள்ளன. ஜெர்மனியில் நகராட்சி, மாநில அரசு, பொது ஒலிபரப்பு நிறுவனம் ஆகியவை செலவின் பெரும்பகுதியை ஏற்கின்றன. அமெரிக்காவில் நன்கொடையும் மூலநிதியிலிருந்து (செலவிடாமல் முதலீடு செய்து வைத்திருக்கும் நிரந்தர நிதி) வரும் வருவாயும் அந்த இடத்தை நிரப்புகின்றன; அரசின் பங்கு மிகக் குறைவு. பிரிட்டன் போன்ற நாடுகளில் மானியம், நன்கொடை, சொந்த வருமானம் மூன்றும் கலந்திருக்கின்றன.

அரசுப் பணம் பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. ஜெர்மனியில் 1992-ல் பொதுநிதியில் இயங்கிய 168 தொழில்முறை இசைக்குழுக்கள் இருந்தன. இணைப்புகளாலும் கலைப்புகளாலும் அந்த எண்ணிக்கை பின்னர் 129 ஆகக் குறைந்துவிட்டது. தென்மேற்கு ஜெர்மன் வானொலி, ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த தன் குழுவையும் பாடன்-பாடன், ஃபிரைபர்க் நகரங்களுக்குரிய குழுவையும் 2016-ல் ஒன்றாக இணைத்தபோது, நடத்துநர்களும் இசையமைப்பாளர்களும் ரசிகர்களும் பெருந்திரளாக எதிர்த்தும் பயனில்லாமல் போயிற்று. நன்கொடையை நம்பும் குழுவுக்கு வேறுவகை ஆபத்து உண்டு: பங்குச்சந்தை சரியும் ஆண்டில் மூலநிதியும் சுருங்கும், கொடையாளர்களின் கையும் சுருங்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். எந்த வழியில் இயங்கினாலும், தன்னுடைய பெரிய வருவாய் ஊற்று மூன்றில் ஒரு பங்கு வற்றினால் என்ன செய்வோம் என்ற கேள்விக்குத் திட்டத்தில் ஒரு பக்கமாவது விடை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

திட்டமிடலை எங்கிருந்து தொடங்குவது?

நாட்காட்டியிலிருந்து. பல குழுக்கள் நோக்க அறிக்கையிலிருந்து தொடங்கி, மூன்று மாதம் சொற்களோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போகின்றன. அதைவிட, சென்ற பருவத்தின் வாரங்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வாரத்திலும் இசைக்குழு உண்மையில் என்ன செய்தது என்று எழுதிப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் பெரிய குழுக்களில் ஒரு ஒத்திகையோ கச்சேரியோ ஒரு பணி அலகாகக் கொள்ளப்படுகிறது. அது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். வாரத்துக்கு எட்டு அலகுகள் என்பது பரவலான உச்சவரம்பு. ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு ஒத்திகை, ஒரு முழு ஒத்திகை, மூன்று கச்சேரி என்று போட்டால் எட்டும் தீர்ந்துவிடுகிறது. இப்போது அந்த மூன்றாவது கச்சேரியில் அரங்கம் பாதிதான் நிறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது வாரங்களில் முப்பது அலகுகளை ஆளில்லாத நாற்காலிகளுக்கு வாசித்திருக்கிறோம் என்று பொருள். அந்த முப்பதும் கூடுதல் ஊதியச் செலவில்லாமல் பள்ளிகளுக்கோ, நகரின் மறுகோடியில் உள்ள சிறிய அரங்குகளுக்கோ, ஒலிப்பதிவுக்கோ திருப்பக்கூடியவை. இடம் மாறினால் போக்குவரத்துச் செலவும் ஒலியமைப்புச் சிக்கலும் வரும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் புதிய கனவுகளைப் பட்டியலிடுவதில் பயனில்லை. இசைக்குழுவின் உண்மையான முதலீடு இந்த அலகுகள்தான். பணத்தைப் போல அவற்றைச் சேமித்து வைக்க இயலாது, இந்த வாரம் பயன்படுத்தாதது இந்த வாரமே போய்விடும்.

நாட்காட்டிக்கு அருகில் ஐந்து ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் ஒட்டுங்கள். ஒருமுறை மட்டும் வந்த பெரிய நன்கொடைகளைத் தனியே பிரித்துவிட்டுப் பார்த்தால், “சமநிலையில் முடிந்தது” என்று அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் சில உண்மையில் பற்றாக்குறை ஆண்டுகள் என்பது தெரியவரும். இந்த உண்மையை எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பார்ப்பது முக்கியம்.

இசைக் கலைஞர்களைத் திட்டமிடலில் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? அவர்கள் வேலை வாசிப்பதுதானே?

சேர்த்தே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

உலகின் மதிப்புமிக்க குழுக்கள் சிலவற்றைக் கலைஞர்களே ஆள்கிறார்கள். 1842-ல் தோன்றிய வியன்னா ஃபில்ஹார்மோனிக் தன் நிர்வாகிகளைத் தன் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது. 1904-ல் தொடங்கப்பட்ட லண்டன் சிம்பொனி இசைக்குழுவும் கலைஞர்களின் சொந்த நிறுவனமே. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் தலைமை நடத்துநரைத் தேர்வு செய்வது கலைஞர்களின் வாக்கு. எல்லாக் குழுக்களும் இந்த அமைப்புக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை ஒவ்வொன்றும் தனித்தனி வரலாற்றில் விளைந்தவை. ஆனால் வாசிப்பவர்களுக்கு நிர்வாகம் புரியாது என்ற எண்ணத்துக்கு அவற்றின் வரலாறு இடந்தரவில்லை.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மினசோட்டா இசைக்குழு. பற்றாக்குறையைச் சமாளிக்க அடிப்படை ஊதியத்தை 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்க நிர்வாகம் முன்மொழிந்தது, கலைஞர்கள் ஏற்கவில்லை, 2012 அக்டோபரில் தொடங்கிய கதவடைப்பு 2014 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. அதே காலத்தில் அரங்கம் ஏறத்தாழ 5 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கட்டடத்துக்குப் பணம் இருக்கிறது, வாசிப்பவர்களுக்கு இல்லையா என்று ஊர் கேட்டது. கட்டடத்துக்கென்று திரட்டிய பணத்தை ஊதியத்துக்கு எடுக்க முடியாது என்ற கணக்கு நியாயம் யார் காதிலும் ஏறவில்லை. இசை இயக்குநர், அதாவது குழுவின் கலைப் பொறுப்பை ஏற்கும் தலைமை நடத்துநர், ஆஸ்மோ வான்ஸ்கா 2013 அக்டோபரில் பதவி விலகினார். உடன்பாடு ஏற்பட்ட பின் 2014-ல் திரும்பி வந்தார். அதன் பிறகு கலைஞர்களுக்கு நிர்வாகக் குழுக்களில் கூடுதல் இடம் கிடைத்தது. 2015 மேயில் அவர்கள் கூட்டாகக் கியூபாவுக்குப் பயணம் போய் வாசித்தார்கள். பிளவுக்குப் பின் ஒட்டவைக்க முடிந்தது என்பது பெரிய செய்தி. ஆனால் ஒரு முழுப் பருவத்துக்கு மேல் இழந்தது இழந்ததுதான்.

கலைஞர்களைச் சேர்த்துக்கொள்வதால் கிடைக்கும் பயன் அமைதி மட்டுமன்று, தகவலும்கூட. நான் உடனிருந்த ஒரு திட்டமிடல் கூட்டத்தில், வெள்ளிக்கிழமைக் கச்சேரிகளுக்கு 85 விழுக்காடு இருக்கைகள் விற்றுவிட்டதாக டிக்கெட் பிரிவு அறிக்கை வைத்தது. டிராம்போன் கலைஞர் ஒருவர் கையுயர்த்தி, “நான் பார்த்தவரை அவ்வளவு பேர் இல்லை” என்றார். பிராம்ஸின் முதல் சிம்பொனியில் டிராம்போன்களுக்கு முதல் மூன்று பகுதிகளிலும் வேலை இல்லை. கடைசிப் பகுதியில்தான் வாசிக்கின்றன. அந்த முதல் மூன்று பகுதிகள் முழுவதும் அவர் எதிரே உள்ள அரங்கத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்திருக்கிறார். வலதுபுற மேல்மாடத்தில் அதே நான்கு வரிசைகள் வாராவாரம் காலியாகவே இருந்ததை அவர் சொன்ன பிறகு, நுழைவாயிலில் கிழிக்கப்பட்ட டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தார்கள். சந்தா கட்டிய பலர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு இல்லை. விற்ற இருக்கையும் நிறைந்த இருக்கையும் வேறு வேறு என்பதை அந்தக் குழு அன்றுதான் கற்றுக்கொண்டது.

நடைமுறையில், கலைஞர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் மூவரோ நால்வரோ தொடக்கத்திலிருந்தே குழுவில் இருக்க வேண்டும். நிர்வாகம் தனக்குப் பிடித்தவர்களை அழைத்து அமர்த்துவது பிரதிநிதித்துவம் ஆகாது. ஊதிய ஒப்பந்தப் பேச்சையும் திட்டமிடலையும் ஒரே மேசையில் கலக்கவும் கூடாது. ஆனால் இரண்டு மேசைகளிலும் ஒரே கணக்குத்தான் இருக்க வேண்டும்.

நோக்க அறிக்கை எப்படி இருக்க வேண்டும்?

சுருக்கமாக. ஊரின் பெயரை மாற்றினால் வேறொரு குழுவுக்கும் அது பொருந்துமானால் அது இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. “உன்னதம்”, “உலகத்தரம்” ஆகிய சொற்களை நீக்கிவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

எந்தப் படைப்புகளை வாசிப்பது என்பதும் திட்டத்தில் வரலாமா? அது கலைத் தலைமையின் உரிமை அல்லவா?

படைப்புகளின் பட்டியல் திட்டத்தில் வரக்கூடாது. அவற்றுக்கான அளவுகோலும் பண எல்லையும் வர வேண்டும். மோட்சார்ட்டின் நாற்பதாம் சிம்பொனிக்கு ட்ரம்பெட்டும் டிம்பனியும் வேண்டியதில்லை. இருக்கும் கலைஞர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டே வாசித்துவிடலாம். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ 35 நிமிடம் போல நீளும் படைப்புத்தான், ஆனால் அதற்கு எட்டு ஹார்ன்களும் ஒவ்வொரு வகை மரத்துளைக் கருவியிலும் ஐந்து பேரும் வேண்டும். குழுவில் ஹார்ன் வாசிப்பவர்கள் ஐந்து பேர் இருந்தால் மூவரை வெளியிலிருந்து அழைக்க வேண்டும்; அவர்களுக்கு ஒத்திகை நாள்களுக்கும் சேர்த்து ஊதியம் தர வேண்டும். காப்புரிமை உள்ள படைப்பானால் இசைத்தாள்களுக்கு வாடகை உண்டு. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, ஆண்டுக்கு இத்தனை பெரிய படைப்புகள், இத்தனை புதிய இசையமைப்புகள், அவற்றுக்கு இவ்வளவு தொகை என்று எல்லை வகுத்துக் கொடுத்தால், அதற்குள் கலைத் தலைமை தடையின்றி இயங்கலாம்.

திரைப்படத்தைத் திரையில் ஓடவிட்டு அதன் இசையை நேரில் வாசிக்கும் மாலைகளைப் பற்றியும் ஒரு சொல். அவை அரங்கத்தை நிறைக்கின்றன, முன்பு வராதவர்களை வரவழைக்கின்றன. அவர்கள் அடுத்த மாதமே புரூக்னர் என்ற இசையமைப்பாளரின் சிம்பொனியைக் கேட்க வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போடுவதுதான் தவறு. அவர்களுக்கென்று இரண்டாவது அழைப்பு ஒன்றைத் திட்டமிட்டே உருவாக்க வேண்டும்: குறுகிய நேர நிகழ்ச்சி, குறைந்த விலை, மேடையிலிருந்து சில நிமிட விளக்கம்.

இசை இயக்குநர் மாறினால் திட்டமும் மாற வேண்டுமா?

இசை இயக்குநரின் பதவிக்காலமும் திட்டத்தின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் திட்டத்தின் உள்ளடக்கத்தை அவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியில் 2020-ல் பொறுப்பேற்ற எசா-பெக்கா சலோனன், தமக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நிறுவனத்தின் எதிர்காலம் குறித்த இலக்குகள் ஒத்துப்போகவில்லை என்று 2024 மார்ச்சில் அறிவித்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்த 2025-ல் விலகினார். எந்தப் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் போகாமலே ஒன்றைச் சொல்லலாம்: பெரிய கனவுகளுக்காக ஒருவரை அழைப்பதற்கு முன்பே, அந்தக் கனவுகளுக்கு எவ்வளவு பணம் எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியாக உண்டு என்பதை எழுத்தில் வைத்துப் பேசியிருக்க வேண்டும். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோ 1933 முதல் நிரந்தர நடத்துநர் என்று ஒருவரையும் வைத்துக்கொள்ளாமலே இயங்கி வருகிறது. குழுவின் நினைவும் ஒலியும் ஒரு மனிதரிடம் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது.

புதிய அரங்கம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா?

நல்ல அரங்கம் குழுவின் வாசிப்பையே மாற்றும். ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கக் கற்றுத்தரும். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஹாம்பர்க் நகரின் எல்ப்ஃபில்ஹார்மோனி அரங்குக்கு நகரம் 7.7 கோடி யூரோ செலவிடும் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. 2017 ஜனவரியில் திறக்கப்பட்டபோது வரி செலுத்துவோரின் பங்கு 78.9 கோடி யூரோவாகியிருந்தது. அரங்கம் வெற்றியடைந்தது உண்மை. இப்படிப் பத்து மடங்கு ஏற்றத்தைத் தாங்க நகரமும் மாநிலமுமான ஹாம்பர்க்கே பின்னால் நின்றது. தனித்து இயங்கும் இசைக்குழு அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் அரங்கப் புதுப்பிப்பில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பெருந்தொற்றால் கச்சேரிகள் நின்றிருந்த காலத்தைப் பயன்படுத்தி வேலையை முடுக்கி, 2022 அக்டோபரில், திட்டமிட்டதற்கு முன்பாகவே, 55 கோடி டாலர் செலவில் திறந்தார்கள். 2,700-க்கு மேல் இருந்த இருக்கைகளை ஏறத்தாழ 2,200 ஆகக் குறைத்தார்கள். குறைவான இருக்கை என்பது தோல்வியின் அடையாளம் அன்று. கேட்பவர் மேடைக்கு நெருங்கி அமர்கிறார், அரங்கம் நிறைந்து காணப்படுகிறது, “கடைசி நேரத்தில் வாங்கினாலும் கிடைக்கும்” என்ற எண்ணம் மறைகிறது. கட்டும் முடிவை எடுப்பவர்கள் கட்டுமானச் செலவோடு, திறந்த பிறகு ஆண்டுதோறும் ஆகும் மின்சாரம், பராமரிப்பு, பணியாளர் செலவுகளையும் அதே தாளில் எழுத வேண்டும். அந்த வரிதான் பெரும்பாலும் விடுபடுகிறது.

கல்விப் பணியும் சமூகப் பணியும் திட்டத்தில் எவ்வளவு இடம் பெற வேண்டும்?

விளம்பரத்துக்காகச் செய்வதானால் வேண்டவே வேண்டாம். செய்வதானால் இசைக்குழுவின் வாழ்க்கையையே தொடும்படி செய்ய வேண்டும். ஜெர்மனியின் பிரெமென் நகரில், கலைஞர்களே பங்குதாரர்களாக உள்ள டாய்ச் கம்மர்ஃபில்ஹார்மோனி குழு, ஒத்திகைக்கு இடம் தேடி 2007-ல் நகரின் கிழக்கே உள்ள ஒரு பொதுப்பள்ளிக்குள் குடியேறியது. அப்பகுதி வறுமையும் பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களும் மிகுந்தது. மாணவர்கள் ஒத்திகையின்போது கலைஞர்களுக்கு நடுவே அமர்ந்து கேட்கிறார்கள். உணவு வேளையில் இரு தரப்பினரும் ஒரே கூடத்தில் சாப்பிடுகிறார்கள். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஓர் இசை நாடகத்தை உருவாக்கி மேடையேற்றுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பேருந்தில் அழைத்துவந்து, ஒரு மணி நேரம் கேட்கவைத்துத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு!

லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக், வெனிசுவேலாவில் 1975-ல் தொடங்கிய இளையோர் இசைக்குழு இயக்கத்தைப் பின்பற்றி, 2007-ல் தன் நகரில் இளையோர் இசைக்குழுக்களை அமைக்கத் தொடங்கியது. குழந்தைக்குக் கருவியைக் கொடுத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது கொடுமை. அதனால், இத்தகைய பணிக்கு வருவாய் ஊற்று பத்தாண்டுகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் சிறிதாகத் தொடங்க வேண்டும்.

இணைய ஒளிபரப்பில் வருவாய் உண்டா?

பெரும்பாலான குழுக்களுக்கு அது வருவாயாகக் கிடைப்பதைவிட அறிமுகமாகவே பயன்படுகிறது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 2008 இறுதியில் தன் இணைய அரங்கைத் தொடங்கிச் சந்தா வசூலிக்கிறது. அந்தப் பெயரும் அந்தக் கலைஞர்களும் உள்ள குழுவுக்கு அது இயலும். அந்த ஏற்பாடு இருந்ததால்தான் பெருந்தொற்று தொடங்கிய 2020 மார்ச் 12 அன்று, ஒரு ரசிகர்கூட இல்லாத அரங்கில் சைமன் ராட்டில் நடத்திய கச்சேரியை உடனடியாக உலகுக்கு ஒளிபரப்ப முடிந்தது. ஆறு மாத வேலைநிறுத்தத்திலிருந்து 2011 ஏப்ரலில் மீண்ட டெட்ராய்ட் சிம்பொனி வேறு வழியைத் தேர்ந்தது: கச்சேரிகளை இலவசமாக ஒளிபரப்பியது, புறநகர்ப் பகுதிகளுக்கே போய் வாசித்தது, டிக்கெட் விலையைக் குறைத்தது. விலகிப்போன ஊரைத் திரும்ப அழைக்க வேண்டிய நிலையில் இருந்த குழுவுக்கு அதுவே பொருத்தம். ஒளிப்பதிவுக்கான கலைஞர்களின் உரிமையும் பங்கும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்படாமல் கேமராவை வாங்காதீர்கள்.

மூலநிதியிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம்?

கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி மதிப்பில் நான்கு முதல் ஐந்து விழுக்காடு என்பது பரவலான நடைமுறை. சராசரி ஏன் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். மூன்று ஆண்டுகளில் நிதியின் மதிப்பு 100, 110, 80 என்று ஏறி இறங்கினால், அந்தந்த ஆண்டு மதிப்பில் ஐந்து விழுக்காடு எடுப்பவருக்கு 5.5 கிடைத்த அடுத்த ஆண்டே 4-தான் கிடைக்கும். சராசரியில் எடுப்பவருக்கு அதே சரிவு ஆண்டிலும் 4.8 கிடைக்கும். ஊதியம் ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் குறைய முடியாது. ஆகவே வருவாயும் அப்படிக் குதிக்கக்கூடாது. பற்றாக்குறையை மூடுவதற்காக ஏழு, எட்டு விழுக்காடு எடுப்பது, அடுத்த தலைமுறைக் கலைஞரின் ஊதியத்தை இன்றே எடுத்துச் செலவிடுவதற்குச் சமம். ஓராண்டு அப்படி எடுக்க நேர்ந்தால், திருப்பி வைக்கும் தேதியையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும்.

திட்டம் எத்தனை ஆண்டுகளுக்கு? வெற்றியை எதைக்கொண்டு அளப்பது?

ஐந்து ஆண்டுகள் பொருத்தமானவை; முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதவாரியாக விரிவாகவும், பின்னைய மூன்றுக்குத் திசையும் தொகையும் மட்டுமாகவும் எழுதலாம். ஆண்டுதோறும் ஒருமுறை திறந்து திருத்த வேண்டும். அளவைகள் ஆறு, ஏழுக்கு மேல் வேண்டாம். முதன்முறை வந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் மீண்டும் வந்தார்கள், நிறைந்த இருக்கைகள் எத்தனை, காலிப் பணியிடங்கள் எத்தனை மாதம் நிரப்பப்படாமல் இருக்கின்றன, கையிருப்பு எத்தனை வாரச் செலவுக்குப் போதும் ஆகியவை பேச வைக்கும் எண்கள். வாசிப்பின் தரத்தை எண்ணால் அளக்க முயல வேண்டாம். அதற்குப் பதில், பருவத்தில் இருமுறை கலைத் தலைமையும் கலைஞர் பிரதிநிதிகளும் பதிவுகளைச் சேர்ந்து கேட்டு, மறைக்காமல் பேசி, அதை எழுதி வைக்கலாம். எதைச் செய்யப்போவதில்லை என்ற பட்டியலும் திட்டத்தில் இருக்க வேண்டும். அதை எழுதுவதுதான் கடினம்.

எங்கள் குழு ஏற்கெனவே நெருக்கடியில் உள்ளது. இப்போது தொலைநோக்குத் திட்டம் பேச நேரம் உண்டா?

முதல் மூன்று மாதம் பணப்புழக்கத்தை மட்டும் பாருங்கள்: இந்த வாரம் யாருக்குப் பணம் தர வேண்டும், அது எங்கிருந்து வரும். அதே நேரத்தில், பிழைத்த பிறகு எப்படிப்பட்ட குழுவாக இருக்கப்போகிறோம் என்ற பேச்சையும் தொடங்கிவிட வேண்டும். கடன் கொடுத்தவரும் கொடையாளரும் கேட்பது அதைத்தான். ஃபிலடெல்ஃபியா இசைக்குழு 2011 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு, அதாவது கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு, கோரியது. அமெரிக்காவின் பெரிய குழுக்களில் அந்த நிலைக்கு வந்தது அதுவே முதல். பாதுகாப்புக் காலம் முழுவதும் அது கச்சேரிகளை நிறுத்தவில்லை. 2012 ஜூலையில் வெளியே வந்தபோது, அடுத்த சில வாரங்களில் பொறுப்பேற்க இளம் இசை இயக்குநர் ஒருவர் முன்பே தேர்வாகிக் காத்திருந்தார். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் குழு 2011-ல் மூடப்பட்டேவிட்டது. அடுத்த ஆண்டு அங்கிருந்த கலைஞர்களே கூடி, முன்பைவிடச் சிறிய, தங்கள் பொறுப்பிலேயே இயங்கும் குழுவை அமைத்து மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்கள்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் இசைக்குழு 2010 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. 2014-ல் டெடி ஏப்ரம்ஸ் என்ற இளைஞரை இசை இயக்குநராக்கியது. 2022 முதல் இசையமைப்பாளர்கள் மூவருக்கு ஆண்டு முழுவதும் ஊதியமும் மருத்துவக் காப்பீடும் குடியிருக்க வீடும் கொடுத்து, நகரின் ஒரு குடியிருப்புப் பகுதியில் அக்கம்பக்கத்தாரோடு வாழ்ந்து எழுதச் செய்கிறது. கென்டக்கி மாநிலச் சட்டமன்றம் 43 லட்சம் டாலர் ஒதுக்கியதைக் கொண்டு, 2023 முதல் மாநிலத்தின் சிற்றூர்களுக்கெல்லாம் பேருந்தில் போய் இலவசமாக வாசித்து வருகிறது.